ஏழாம் நம்பர் மெஷின்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

ஊரறிய, உலகறிய அறிவிப்பது: என் மேலுதட்டில் மீசை உதயமாகிவிட்டது. மொத்தம் மூன்று முடி. அம்மா அழுக்கு என்று துண்டால் துடைக்கப் பார்த்தாள்.

உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். உங்கள் தொழிற்சாலையில் இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் இறங்க வேண்டும். வேகத்துக்காக ஒரு பொத்தானை டேப் ஒட்டி அமுக்கி வைத்திருக்கிறார்கள், யாருக்காவது கை போய்விடும் என்று மேனேஜருக்கு எழுதிக் கொடுத்தாயாம். பதிலுக்கு உன்னைப் பிரஸ்ஸிலிருந்து ரெஸ்ட்டுக்கு மாற்றிவிட்டார்களாம். சும்மா உட்கார்ந்து சம்பளமா? எனக்கும் ஓர் இடம் பார்.

மீசைக்காரத் தம்பி

ஜூன் 10

அன்புத் தம்பிக்கு,

ரெஸ்ட் இல்லையடா. கழிவறைப் பக்கம், சுவரைப் பார்த்து ஒரு ஸ்டூல். என்னோடு பேசுகிறவர்களுக்கு ஓவர்டைம் கிடையாது. விடுதியில் பக்கத்துக் கட்டில்காரிகூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். டேப்பே இல்லை, நான்தான் தவறாகப் பார்த்துவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டால் பழைய இடம் கிடைக்கும். போட்டுவிடலாம் என்றிருக்கிறேன். அம்மாவிடம் சொல்லாதே.

அக்கா

ஜூன் 15

அக்கா,

போடாதே. விஷயத்தை முடித்துவிட்டேன். எங்கள் ஹெட்மாஸ்டர் குரலில் உன் மேனேஜருக்குப் போன் போட்டேன்.

"தொழிற்சாலை ஆய்வாளர் பேசறேன். டேப் ஒட்டறது யாரு, உங்க மாமனாரா?"

"ஐயா, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைங்கய்யா..."

"நேர்ல வந்து பாத்துக்கறேன். வைங்க போனை."

மனுஷன் அழாத குறை.

ஆய்வாளர் (பொறுப்பு)

ஜூன் 21

தம்பி,

ஆய்வாளர்கள் நிஜமாகவே வந்தார்கள். நேராக ஏழாம் நம்பர் மெஷினுக்குப் போய் டேப்பைப் பிய்த்தார்கள். யாரோ போனில் புகார் சொன்னார்களாம். "உன் வீட்டாளுங்கதானே?" என்று மேனேஜர் கேட்கிறார். மாத முடிவில் கம்பெனியில் என்னை விசாரிக்கப் போகிறார்கள். நீ ஆய்வாளர் வேஷம் போட்டது தெரிந்தால் அதையே சாக்காக வைத்து என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். ஆய்வாளர் அலுவலகத்துக்கும் நீதான் போன் பேசினாயா? மெஷின் நம்பரை நான் உனக்கு எழுதவே இல்லையே. விளையாடாமல் பதில் போடு.

அக்கா

ஜூன் 25

அக்கா,

வீட்டில் யாரும் பேசவில்லை என்று தைரியமாகச் சொல். ஆய்வாளர் அலுவலகம் எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. பேசியது அங்கே உன்னோடு வேலை செய்கிற யாரோ. உன்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களில் ஒருத்தர்.

மேனேஜருக்கு நான் போன் போட்டது உண்மை. அவர் "ஹலோ" என்றதும் ஹெட்மாஸ்டர் குரல் எங்கோ போய்விட்டது. "சார், பேக்கரியா சார்?" என்று கேட்டு வைத்துவிட்டேன்.

தம்பி