சயனைடு மேட்டில் எறிந்த செப்புத் தகடு

சம்பந்தி, இன்று காலை வீட்டின் பின்புறம் தோண்டினார்கள். இன்வெர்ட்டர் மாட்ட பங்காருபேட்டையிலிருந்து வந்தவர் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். இரண்டு முழம் போனதும் ஈரக் கரியின் வாசனை குப்பென்று வந்தது. "எங்கப்பா போட்ட எர்த்து, அத இன்னா பாக்கறது" என்று உங்கள் பெண் பெருமையாகச் சொன்னாள். நான் உள்ளே வந்து காகிதத்தை எடுத்தேன். அஞ்சாவதோடு நின்றவள், எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும்.

சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜை இழுக்கும் மோட்டாருக்கே எர்த் போட்டவர் நீங்கள். எங்கள் தகரக்கூரை வீட்டுக்குச் சம்பந்தம் பேச வந்த அன்றே பரணில் ஓடிய பழைய ஒயரையும், தகரத்தில் கட்டியிருந்த ஆன்டெனா குழாயையும் அண்ணாந்து பார்த்தீர்கள். செருப்பைக் கழற்றாமலே டீ குடித்தீர்கள். ஷாக்குக்குப் பயந்தென்று எனக்கு எப்படித் தெரியும்? திமிர் என்று நினைத்தேன். கல்யாணம் ஆனதும் என் மகன் ஞாயிறு தவறாமல் மாரிகுப்பத்துக்கு, உங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு ஓட ஆரம்பித்தான். எனக்கு வயிறு எரிந்தது.

நான் பூதிகோட்டைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில் வந்து, தகரக்கூரைக்கும் சேர்த்து எர்த் போட்டு முடித்துவிட்டீர்கள். திரும்பி வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, பக்கத்து வீட்டு கன்னியம்மா பிடித்துக்கொண்டாள்.

"இன்னாக்கா, ஒன் சம்பந்தி வந்து குழி தோண்டி செப்புத் தகடு பொதைச்சிட்டுப் போறாரு. உப்பு, கரி எல்லாம் கொட்டி, மேல தண்ணி வேற ஊத்தனாரு."

நீங்களே சொல்லுங்கள், செப்புத் தகட்டை எதற்குப் புதைப்பார்கள்? அப்பா எர்த் போட்டார் என்று உங்கள் பெண் சொன்னதை, அப்பனைக் காப்பாற்றச் சொல்கிறாள் என்றே எடுத்துக்கொண்டேன். மறுநாள் அவள் கடைக்குப் போன நேரம் பார்த்துத் தகட்டைப் பிடுங்கினேன். ஒயரை மட்டும் மண்ணில் செருகிக் குழியை மூடினேன். எலுமிச்சம்பழம் சுற்றி, தகட்டைக் கொண்டுபோய், தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டில் எறிந்தேன். புல்லே முளைக்காத மண்ணில் செய்வினை எங்கே முளைக்கப் போகிறது என்று நிம்மதியாக வந்து சாப்பிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து மழை பெய்தது. ஆன்டெனா குழாயிலிருந்து இழுத்துக் கட்டிய கம்பியில் ஈரப் புடவையை எடுக்கப் போன உங்கள் பெண் அலறிக்கொண்டு விழுந்தாள். வயிற்றில் ஆறு மாதம். மெயினை அணைத்துவிட்டு ஓடினேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ், குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லும்வரை எனக்குத்தான் மூச்சில்லை.

நீங்கள் வந்து பரணில் ஏறினீர்கள். எலி கடித்த ஒயர் தகரத்தில் பட்டுக் கிடந்தது. இறங்கி வந்து, அந்தக் கரண்டை மண்ணுக்குள் இறக்கியிருக்க வேண்டிய எர்த் ஒயரை இழுத்தீர்கள், அது சும்மா கையோடு வந்தது. பெண்ணை உள்ளே போய்ப் படுக்கச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள்.

"சம்பந்தியம்மா, தகடு எங்க?"

"சயனைடு மேட்டுல."

ஏன் என்பதையும் சொன்னேன். கையிலிருந்த ஒயரைக் கீழே போட்டீர்கள். "ஒங்க பையன மயக்கி இட்டுகினு போயி நான் இன்னா பண்றது? ஞாயித்துக்கெழம ஒரு நாளு சோறு போடவே எங்க வூட்ல பான பத்தல."

அப்புறம் நாம் இருவரும் கோணிப்பையோடு மேட்டில் தேடினோமே! தங்கமா தேடுகிறீர்கள் என்று கேட்டவர்களிடம், ஆமாம், சம்பந்தியம்மா ஒளித்து வைத்தது என்றீர்கள். தகடு கிடைத்தது. மறுபடி புதைத்தபோது உப்பையும் கரியையும் என் கையாலேயே போட வைத்தீர்கள்.

"பொண்ணுகிட்ட சொல்லிடுவீங்களா?" என்று கேட்டேன்.

"எலி பண்ணதுன்னு சொல்லிட்டேன், வுடுங்க."

கடைசிவரை எலியைத்தான் திட்டினீர்கள். அன்று வயிற்றில் இருந்தவள் இன்று பெங்களூரு ரயிலேறி வேலைக்குப் போகிறாள். ஆபீசில் அவளுக்குக் கீழே நாலு பேர், எங்கள் லைன் வீட்டு வரிசையில் வேறு யாருக்கு உண்டு? அவளை நான் இல்லாமல் ஆக்கியிருப்பேன் என்பது நம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். நீங்களும் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், இப்போது எனக்கு மட்டும்தான். தனியாகச் சுமக்க முடியவில்லை.

உங்கள் பெண் டீ கொண்டு வருகிறாள். இதை அவளுக்குப் படித்துக் காட்டப் போகிறேன். எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்வேன். இந்த வீட்டை விட்டு என் மகள் வீட்டுக்குப் போய் இரு என்று அவள் சொன்னால் மட்டும் போக மாட்டேன்.