பீக்கோவின் மேலே தூவுவது

மே 2, 1978 – செவ்வாய்
பக்கத்து வீட்டு லூர்தெஸ் இன்னும் கட்டிலில்தான். வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை, எழும்பக் கூடாதென்று டொக்டர் கட்டளை. மணிலாவில் தாய் செத்ததற்கும் போக முடியவில்லை. சனிக்கிழமை நாற்பதாம் நாள். அதுவரை ஆத்மா வீட்டைச் சுற்றி நிற்குமாம். அன்று விடிய பீக்கோ என்கிற இனிப்புச் சோறு வைத்து, ஜெபித்து அனுப்ப வேண்டும். புருஷன் லொறியோடு பிரிஸ்பேனில். "அக்கா, நீங்க செய்து தருவீங்களோ?" தலையாட்டிவிட்டேன். ஒட்டுகிற அரிசி, தேங்காய்ப்பால், சிவப்புச் சீனி. எங்கள் பொங்கற் புக்கை மாதிரித்தானே?

மே 3
இவருக்குச் சிரிப்பு. "மாதாவைக் கும்பிடுற வேதக்காரருக்குப் படையல் செய்யிறீர். பிள்ளையார் கோவிக்கப் போறார்."
"செத்த தாய்க்கு வைக்கிறதுக்கு அவர் ஏன் கோவிக்கிறார்?" என்றேன்.
பிறகு அரிசிக்குச் சீனக் கடைவரை போய்வந்ததும் இவர்தான். செலவைத் தர்மக் கணக்கில் எழுதினேன்.

மே 5 – வெள்ளி
தலைமுழுகிவிட்டு அடுப்பை மூட்டினேன். தேங்காய்ப்பூவை ஊறவைத்துப் பிழிந்து, பாலை எண்ணெய் பிரியும்வரை காய்ச்சினேன். அடியில் கசடு, மண்ணிறக் கக்கம், திரண்டது. எண்ணெயை வடித்துக்கொண்டு கக்கத்தைக் குப்பையில் கொட்டினேன். எண்ணெய் காய்ச்சினால் அப்படித்தானே செய்வோம். அரிசியைப் பாலும் சீனியும் விட்டுக் கிண்டி, அந்த எண்ணெய் பூசின தட்டத்தில் பரப்பினேன். படையலென்பதால் ருசி பார்க்கவில்லை.

பின்னேரம் கொண்டுபோய்க் காட்டினேன். லூர்தெஸ் தட்டத்தையே பார்த்தாள். "மேலே தூவுறது எங்க, அக்கா? பால் வத்தினா வருமே, பொன் மாதிரி..."

ஐயோ, பிள்ளையாரே. அதைத்தான் கொட்டிப்போட்டன்.

"பரவாயில்லை" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். "அம்மா அதைத்தான் முதல்ல எனக்குக் கிள்ளித் தருவா."

கடை பூட்டியாயிற்று. ஜெபமோ விடிய. சதுர்த்தி மோதகத்துக்கென்று சுவாமி அறையில் ஒரு பக்கெற் தேங்காய்ப்பூ இருக்கிறது. சுவாமிக்கு ஒதுக்கினதை எடுக்கலாமோ?

எடுத்தன். பிள்ளையாருக்குச் சொல்லிப்போட்டுத்தான் எடுத்தன்.

மே 6
கக்கம் பொன்னிறமாகத்தான் வந்தது. தாயின் படத்துக்கு முன் தட்டத்தை வைத்துவிட்டு வாசலில் நின்றேன். "உள்ள வாங்க, அக்கா" என்றாள். ஜெபம் முடிய, கக்கத்தில் ஒரு கிள்ளு வாயில் போட்டாள். அழுதாள். பிறகு இன்னொரு கிள்ளு.

யூலை 14 – வெள்ளி
பிள்ளையாருக்குச் சர்க்கரைப் புக்கை. மேலே கக்கம் தூவினேன். இவர் இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டார்.

லூர்தெஸ் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வேலியடிக்கு வந்தாள். மூடின தட்டத்தைக் கொடுத்து, "சுடச்சுட ஒரு வாய் சாப்பிடும்" என்றேன்.

"பொறுங்க, அக்கா" என்றாள். மூடியைத் திறக்காமலே உள்ளே கொண்டுபோனாள், தாயின் படத்தடிக்கு.