தெருவில் கறுப்பு வேண்டாம்

முல்லைத்தீவு
தை மாதம், வெள்ளிக்கிழமை

என் அன்பு மகள் கம்சாவுக்கு அம்மா எழுதுவது. தேவதாயின் காவலில் நானும் உன் அண்ணன் டினோஜனும் சுகமாக இருக்கிறோம், முழங்காலில் ஒரு சிராய்ப்பைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த டென்மார்க் குளிரில் நீயும் கை கால் சுகத்தோடு இருக்க வேண்டும் என்றுதான் தினமும் செபமாலை சொல்கிறேன். இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் ஒன்று சொல்ல நீ அழுகிறாய், நீ அழ நான் கத்துகிறேன், பிறகு இரண்டு பேரும் போனை வைத்துவிடுகிறோம். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது, கடைசி வரை வாசித்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் என் சைக்கிள் கதை. நான் சைக்கிளை விட மாட்டேன், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அண்ணன் உனக்குச் சொன்னது உண்மைதான், வழக்கம்போல விடியற்காலை கரையில் மீன் எடுத்துப் பெட்டியைக் கரியரில் கட்டிக்கொண்டு தண்ணீரூற்றுச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தேன். இந்த முறை மழை விட்ட பிறகு பனி அப்படி மூடுகிறது, முன்னால் போகிற மாடு கூடத் தெரியவில்லை. பின்னால் வந்த உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டி என் மீன் பெட்டியில் தட்டி, நானும் சைக்கிளும் சூடை மீனும் தெருவோரத் தண்ணீருக்குள் கிடந்தோம். ஓட்டி வந்த மனுசன் குதித்து ஓடி வந்தான், என்னை விட அவனுக்குத்தான் நடுக்கம். "கறுப்புச் சீலை, கறுப்புச் சால்வை, சைக்கிளும் கறுப்பு, இந்தப் பனிக்குள்ள நான் உங்களை எப்பிடியம்மா காணுறது" என்று அழாக் குறையாகக் கேட்டான். வாய் நிறையத் திட்ட வேண்டும் என்று எழும்பினேன், ஆனால் அவன் கேட்டது நியாயம். அப்பாவுக்காக உடுத்த கறுப்பு என்னை அப்பாவிடமே அனுப்பப் பார்த்தது.

நீ உடனே "போதும் அம்மா, சும்மா வீட்டில இருங்கோ, நான் பாத்துக்கொள்ளுறன்" என்கிறாய். வீட்டில் அலுமாரிக்குள் பூட்டி வைக்க நான் என்ன கல்யாணச் சீலையா? அப்பா இருக்கும்போதும் உழைத்தவள், அவர் போன பிறகும் உழைப்பேன். பயந்துபோய் வீட்டில் இருந்தால் அந்தப் பயம் என்னோடேயே இருந்து சாப்பிடும். அதனால் அடுத்த நாளே சைக்கிளை நிமிர்த்திக்கொண்டு புறப்பட்டேன், ஆனால் வேறு கோலத்தில். அப்பாவுக்கு மீனவர் சங்கத்தில் கொடுத்த லைஃப் ஜக்கெற் ஞாபகமா, செம்மஞ்சள் நிறம், நெஞ்சிலும் முதுகிலும் வெள்ளிப் பட்டி. "கடலில பிறந்தவனுக்கு இதென்ன சட்டை" என்று ஒரு நாளும் போடாமல் ஆணியில் கொழுவி விட்டாரே, அதுதான். கறுப்புச் சீலைக்கு மேல் அதை இறுக்கிக் கட்டினேன். குசினி அடுப்புக்குக் கிட்ட நிற்கிற மாதிரி நெஞ்சுக்குச் சூடு, தூறலும் உள்ளே வராது, வாகனத்தின் வெளிச்சம் பட்டால் பட்டி பளிச்சென்று எரிகிறது. இப்போது லொறிக்காரன் எல்லாம் தூரத்திலேயே ஒதுங்கிப் போகிறான்.

இரஞ்சிதம் மாமி சும்மா இருப்பாவா, வாசல் படலையில் வந்து மறித்துக்கொண்டு நின்றா. "என்ர தமையன் செத்து ஆண்டு முடியேல்லை, அதுக்குள்ள இந்த நிறமோ, ஊர் பாத்து என்ன சொல்லும்" என்று கேட்டா. "ஊர் பாக்கத்தான் மச்சாள் போட்டனான்" என்று சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போய்விட்டேன். கோவிலுக்குள் இன்னும் கறுப்புத்தான் உடுக்கிறேன், சித்திரையில் ஆண்டுத் திருப்பலி வரைக்கும் உடுப்பேன். தெருவில் மட்டும் யார் சொன்னாலும் உடுக்க மாட்டேன்.

இனி உன் கதைக்கு வருகிறேன். உன்னைப் பற்றி அண்ணனிடம் நெருக்கித்தான் கேட்டேன், அவனைக் கோபிக்காதே. வயோதிபர் இல்லத்துக்கு வேலைக்குச் சைக்கிளில் போகும்போது ஒரு கார் உன் முழங்கையை உரசிக்கொண்டு போனதாமே. நீ அனுப்பிய படத்தையும் காட்டினான். கறுப்புக் கோட்டு, கறுப்புத் தொப்பி, கறுப்புக் கையுறை, அங்கே காலையும் இருட்டு, பின்னேரமும் இருட்டு. நீ முதல் குளிருக்கு வாங்கிய மஞ்சள் மழைக்கோட்டு எங்கே என்று கேட்டேன். "அப்பான்ர துக்கத்துக்கு அது சரியில்லையாம், போடுறேல்லையாம்" என்றான். விசா சரிவராமல் அடக்கத்துக்கு வர முடியாத கவலையில்தான் நீ அந்தக் கறுப்பை இப்படிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் பெற்றவள் சொல்கிறேன், அதைத் தெருவில் கழற்று. கறுப்பு வேண்டுமென்றால் உள்ளே போடு, மேலே மஞ்சள் போடு. உள்ளே மெல்லிய சட்டை, அதன் மேல் ஒரு கம்பளி போதும், மூன்று நான்கு என்று அடுக்கினால் மிதிக்க வியர்த்து, வியர்வை குளிர்ந்து, காய்ச்சலில்தான் கிடப்பாய். இரண்டு காலுறைக்கும் நடுவில் பிளாஸ்டிக் சொப்பிங் பை போட்டுக்கொள், நான் மழைக்கு அண்ணனின் பூட்சுக்குள் அப்படித்தான் செய்கிறேன், அவன் சிரிக்கிறான், என் கால் காய்ந்திருக்கிறது. காதை மூடு, ஆனால் பின்னால் வருகிற சத்தம் கேட்க வேண்டும். கையுறை நனைந்தால் மாற்ற இன்னொன்று பையில் இருக்கட்டும். முன்னுக்கு வெள்ளை லைற், பின்னுக்குச் சிவப்பு, பனி விழுந்து மூடினால் இறங்கித் துடை, வேலைக்குப் பிந்தினால் பிந்தட்டும்.

அப்பா கடைசியாகக் கட்டிலில் கிடந்தபோது நீ போனில் வந்தால் ஒன்றே ஒன்றுதான் கேட்பார், "பிள்ளையின்ர முகத்தைக் கிட்டக் காட்டு". உன்னைக் காண ஆசைப்பட்ட மனுசனுக்கு, ஒருவர் கண்ணுக்கும் தெரியாமல் திரிவதா மரியாதை? எங்கள் ஊரில் யுத்தத்தில் காணாமல் போன பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு தாய்மார் இன்னும் தெருவோரத்தில் இருக்கிறார்கள். நான் அங்கே போய் இருக்க மாட்டேன் கம்சா. உன்னை அப்படி நான் விட மாட்டேன்.

மடுமாதா உன்னோடு கூட வருவா, உன் தலைக்கு ஒரு கெடுதியும் வராமல் ஆண்டவர் காப்பார். மறக்காமல் நேரத்துக்குச் சாப்பிடு. இந்தக் கடிதம் கிடைத்ததும் மஞ்சள் கோட்டைப் போட்டுக்கொண்டு சைக்கிளோடு ஒரு படம் அனுப்பு. வெளிச்சத்தில் எடுக்காதே, தெருவில் இறங்கி இருட்டில் எடு. நான் இங்கிருந்து உன்னைக் காண வேண்டும்.

இப்படிக்கு,
முத்தங்களோடும் கோபத்தோடும் உன் அம்மா,
அ. புனிதமலர்