வாளிக்குள் கிடந்த துணி

அப்பா, நடந்ததை நடந்தபடியே எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். எதையும் கூட்டமாட்டேன், அழகுக்காக மாற்றவும் மாட்டேன். கதைப் புத்தகம் படித்துப் படித்து நான் எதைச் சொன்னாலும் இரண்டு வரி சேர்த்துச் சொல்கிறேன் என்று நீங்கள் சிரிப்பீர்கள். இன்று அந்த இரண்டு வரி கிடையாது.

கட்டி வைத்த மெத்தை மூட்டையின் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். நம் தேவ்நார் வீடு காலியாகிவிட்டது. சாமான்கள் எல்லாம் கீழே போய்விட்டன. இந்த மூட்டையும் நானும்தான் பாக்கி. அம்மா மூன்றாம் மாடியில் மாவ்ஷியிடம், அந்த மராத்திக்காரப் பெரியம்மாவிடம், சொல்லிக்கொள்ளப் போயிருக்கிறாள். சுவரில் பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. கட்டில் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், தரையில் ஒரு வட்டம் தெரிகிறது. வாளி நின்ற அடையாளம். மழைக்கு மழை ஒரே இடத்தில் நின்று அது தரையில் பதிந்துவிட்டது. நானும் அம்மாவும் சோப்புப் போட்டுத் தேய்த்தோம், ஆசிட் ஊற்றித் தேய்த்தோம். போகவில்லை. அந்த வட்டத்தைப் பார்த்ததும்தான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஜூன் மாதத்தில் முதல் மழை பெய்யும் நாளன்று டெம்போவை நிறுத்திவிட்டு வருவீர்கள். தலையைத் துவட்டிக்கொண்டே மேலே பார்ப்பீர்கள். மொட்டை மாடித் தண்ணீர் கூரைக்குள் இறங்கி, அந்த மூலையில் ஒரு சொட்டு திரண்டு நிற்கும். "குற்றாலத்துல சீசன் ஆரம்பிச்சிட்டு" என்று அறிவிப்பீர்கள். ஒரு சொட்டு என்றால் சாரல். இரண்டு மூன்று இடத்தில் விழுந்தால் ஐந்தருவி.

"அருவிக்கு அடியில எண்ணெய் தேச்சு உக்காரப் போறியளா, இல்ல பக்கெட்ட எடுத்துட்டு வாரியளா?" என்று அம்மா கேட்பாள்.

"டிக்கெட் எடுக்காம தென்காசி போயிட்டு வந்தாச்சு. அதுக்கும் ஏச்சா?" என்பீர்கள்.

நான் சின்னவளாக இருந்தபோது, சொட்டு வாளியில் விழும் சத்தத்தில் தூங்க முடியாமல் புரண்டது நினைவிருக்கிறதா? நீங்கள் எழுந்து, பழைய கைலியைக் கிழித்து வாளிக்குள் போட்டீர்கள். சொட்டு துணியில் விழுந்தது. சத்தம் நின்றது.

"இப்ப கேக்குதா?"

"கேக்கல."

"அப்ப மழையே இல்ல. தூங்கு பிள்ள."

போன வருடம் மழை தொடங்கும் முன்பே நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். சீசனை அறிவிக்க ஆள் இல்லை. அம்மா வாளியை எடுத்து வைத்தாள். துணியை நான் போட்டேன்.

இந்த வீட்டை ஏன் விற்றோம் என்று நீங்கள் கேட்பீர்கள். அம்மாவின் முழங்கால்தான் காரணம். செம்பூர் சமையல் கூடத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, லிப்ட் இல்லாத நாலு மாடி ஏறுகிறாள். ஒவ்வொரு மாடியிலும் படியில் உட்கார்ந்து எழுந்திருக்கிறாள். கடந்த சில மாதங்களாக வழியில் வாங்கிய கீரைக் கட்டைக்கூடத் தூக்க முடியாமல் என்னைக் கீழே கூப்பிட ஆரம்பித்தாள். டாக்டர் படி ஏறவே கூடாது என்றார். ஆண்டாப் ஹில்லில் தரைத்தளத்தில் ஒரு வீடு அமைந்தது. அந்த வீட்டுக்காரம்மா நல்லவர். ஆனால் கணபதி பண்டிகை வரைக்கும்தான் வைத்திருப்பேன், அதற்குப் பிறகு கேட்பவர்களுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். நம் வீட்டை விற்ற பணத்தில்தான் அதை எடுக்க முடியும். அப்படியென்றால் மழைக்காலத்திலேயே விற்றாக வேண்டும்.

அம்மா முதலில் ஒரு புரோக்கரைக் கூப்பிட்டாள். அவர் தமிழர்தான். வந்ததும் தலையை அண்ணாந்து மூலையைப் பார்த்தார்.

"பாபி, பாரிஷ்ல, இந்த மழையில டாப் ஃப்ளோருக்கு எந்தப் பார்ட்டியும் வரமாட்டான். தீவாளி வரைக்கும் பொறுங்க. இல்லேன்னா சொல்லுங்க, புட்டிப் பசை போட்டு ஓட்டைய மூடிட்டு வெயில் அடிக்கிற நேரமாப் பாத்துக் கூட்டிட்டு வாரேன்."

அவர் போனதும் அம்மா சொன்னாள்: "மூடணும்னா நம்மளே மூடிக்கிடலாம். இதுக்கு ஒரு ஆளு வேணுமா?"

இப்படித்தான் நாங்களே விற்பது என்று ஆனது. தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும் அட்டை எழுதி கேட்டில் கட்டினேன். 'புரோக்கர் வேண்டாம்' என்பதை மூன்று மொழியிலும் கொட்டை எழுத்தில் எழுதினேன். மராத்தி எழுத்துப்பிழையை மாவ்ஷி திருத்திக் கொடுத்தார்.

அதன் பிறகு வீட்டைத் தயார் செய்தோம். பரண் மேல் இருந்ததை எல்லாம் இறக்கினோம். உங்கள் டெம்போவின் பழைய ஹார்ன் கிடைத்தது. ஸ்க்ரூ போட்டு வைத்த ஹார்லிக்ஸ் பாட்டில்கள் கிடைத்தன. எதற்கும் உதவாத சாவிகள் ஒரு கொத்து கிடைத்தது. ஹார்னை மட்டும் அம்மா எடுத்து வைத்துக்கொண்டாள். வீடு பார்க்க வருபவர்கள் சைவமாக இருந்தால் வாசலோடு திரும்பிவிடுவார்கள் என்று மாவ்ஷி எச்சரித்தார். அதனால் யாராவது வருவதாக போன் வந்தால் நான் கருவாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஓடுவேன். அவர்கள் போனதும் டப்பா மேலே வரும். அந்த டப்பா ஏறி இறங்கியதுபோல இந்தக் கட்டிடத்தில் யாரும் ஏறி இறங்கியிருக்க மாட்டார்கள்.

மூலையை மூடியதுதான் நாங்கள் செய்த தப்பு. மழை விட்டிருந்த ஒரு வாரத்தில் ஸ்டூல் போட்டு ஏறி, ஒழுகும் இடத்தில் புட்டி அப்பி, வெள்ளை பெயிண்ட் அடித்தோம். காய்ந்ததும் கீழே நின்று பார்த்தால், பழுப்பேறிய கூரையில் அந்த மூலை மட்டும் பளிச்சென்று இருந்தது. பழைய வேட்டியில் புதுத் துணி வைத்து ஒட்டுப் போட்டதுபோல. முதலில் வந்த பெரியவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அதைப் பார்த்துவிட்டார். "இதர் பானி ஆத்தா ஹை க்யா?" என்று, இங்கே தண்ணீர் ஒழுகுமா என்று, இந்தியில் கேட்டார். அம்மா பதில் சொல்வதற்குள் படி இறங்கிவிட்டார். அதற்குப் பிறகு கூரை முழுவதும் வெள்ளை அடித்தோம். அம்மாவின் முடியெல்லாம் வெள்ளைப் புள்ளி. உண்மையாகச் சொல்கிறேன், வீடு அழகாகத்தான் இருந்தது.

அந்த வெயிலில்தான் அவர்கள் வந்தார்கள். ராமநாதபுரம் பக்கத்துக்காரர்கள், கணவனும் மனைவியும். அவருக்கு தாராவியில் பை தைக்கும் பட்டறை. மான்குர்த்தில் வாடகைக்கு இருக்கிறார்கள். அந்த அக்கா சன்னலைத் திறந்து பார்த்தார், சமையல் மேடையைத் தொட்டுப் பார்த்தார். "வெளிச்சமா இருக்குங்க" என்று கணவரிடம் மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்து பேசி முடிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று அம்மா ஆண்டாப் ஹில்லுக்கு போன் செய்து, அடுப்பு வைக்க எந்தப் பக்கம் வசதி என்று கேட்டாள்.

சனிக்கிழமை மழை பிடித்தது. ஞாயிறு காலையில் எழுந்தால், பெயிண்ட் கூரையிலிருந்து தோல்போலக் கழன்று, உள்ளே தண்ணீர் கோத்து, பலூன் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டால் ஆடியது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது அந்த அக்காவிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, நல்ல மழையா இருக்கே. விட்டதும் இன்னொரு நாளைக்கு வரட்டுமா?"

அம்மா சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வெயில் வந்ததும் பலூனைச் சுரண்டிவிட்டு இன்னொரு பூச்சு பூசிவிடலாம். ஆண்டாப் ஹில் வீடு கிடைத்துவிடும். நான் அம்மாவின் முழங்காலைப் பார்த்தேன். அந்த நேரத்தில் நானும் சரி என்று சொல்லத்தான் நினைத்தேன், அப்பா. அதையும் எழுதிவிடுகிறேன்.

"இல்லம்மா, இன்னைக்கே வாங்க. மழையிலயே வாங்க" என்றாள் அம்மா.

போனை வைத்ததும் நான் கேட்டேன்: "ஏம்மா?"

"உங்க அப்பா என்ன சொல்லுவாவ? வீட்ட மழையில பாக்கணும், மாப்பிள்ளைய பசியில பாக்கணும்னு சொல்லுவாவல்லா? இந்த வீட்டப் பாக்கவே கொட்டுத மழையிலதான் என்னையக் கூட்டிட்டு வந்தாவ. சொட்டுக்கு அடியில கையை நீட்டிப் பாத்துட்டு, தெரிஞ்ச ஓட்டை தேவலன்னு சொன்னாவ."

"மாப்பிள்ளைய?"

அம்மா முதல் முறையாக அன்று சிரித்தாள். "பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு பஸ்ஸு பழுதாகி மத்தியானம் தாண்டித்தான் வந்து சேந்தாவ. எங்க வீட்டுல சோறு தீந்து போச்சு. அவிய பாட்டுக்கு சிரிச்சிக்கிட்டு இருந்தாவ. அப்பவே எனக்குப் பிடிச்சிட்டு." பிறகு சொன்னாள்: "குடிவந்த அன்னைக்கே அந்தப் பிள்ள தலையில சொட்டுனா அவ யாரட்டி நெனைப்பா? என்னையத்தான நெனைப்பா."

தலையிலிருந்து ஹேர்பின்னை எடுத்து, ஸ்டூலில் என்னை ஏற்றினாள். நான் பலூனைக் குத்தினேன். தண்ணீர் முழுவதும் வாளியில் விழுந்தது. கொஞ்சம் என் முகத்திலும் விழுந்தது. கருவாட்டு டப்பாவைக் கீழே கொண்டுபோகவா என்று கேட்டேன். "கிடக்கட்டும். இன்னைக்கு எதையும் ஒளிக்க வேண்டாம்" என்றாள்.

அவர்கள் நனைந்த குடையோடு வந்தார்கள். கூரையில் பெயிண்ட் கிழிந்து தொங்குவதைப் பட்டறைக்கார அண்ணன் பார்த்தார். முகம் மாறியது. அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னாள். மழையில் இந்த மூலையும், பெருமழையில் அந்த விட்டத்தோரமும் ஒழுகும். மொட்டை மாடிக்குத் தார் போடுகிறோம் என்று கட்டிடச் சொசைட்டியில் வருடா வருடம் சொல்கிறார்கள், போடவில்லை. மற்றபடி சுவர் நன்றாக இருக்கிறது, தண்ணீர் காலையில் தவறாமல் வரும். வெள்ளை அடித்தது நாங்கள்தான், மறைக்கத்தான் அடித்தோம்.

அண்ணன் கதவுப் பக்கம் திரும்பினார். அம்மாவின் கை சேலை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் மனதுக்குள் ஆண்டாப் ஹில் வீட்டை விட்டுவிட்டேன்.

அந்த அக்கா மட்டும் நகரவில்லை. வாளிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தத் துணி எதுக்கு?"

"சத்தம் கேக்காது. தூங்கலாம். எங்க அப்பா போட்டது" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். சொட்டு விழுந்தது, சத்தம் இல்லை. பிறகு கணவரைப் பார்த்துச் சொன்னார்: "ஏங்க, மூணு மழையா மான்குர்த்துல டொக்கு டொக்குனு கேட்டுக்கிட்டு முழிச்சுக் கிடக்குறோம். நமக்கு இது தோணுச்சா?"

"அங்க ஒழுகுதுன்னுதானடி இங்க வந்தோம்."

"ஒழுகாத வீடு நம்ம கைக்கு எட்டாது. போன வாரம் பாத்த வீட்ல ஒழுகவே ஒழுகாதுன்னு சத்தியம் பண்ணானே, அங்க தொட்டுப் பாத்தா சுவரு பிசுபிசுன்னு இருந்துச்சு. இவங்க எங்க ஒழுகும்னு சொல்றாங்க. எப்படித் தூங்கணும்னும் சொல்றாங்க." அம்மாவிடம் திரும்பினார். "அக்கா, பக்கெட்டையும் சேத்துக் குடுப்பீங்களா?"

"எடுத்துக்கோ. ரொம்ப நாளா அனுபவம் உள்ள பக்கெட்டு" என்றாள் அம்மா.

அண்ணன் சிரித்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். கருவாட்டு வாசனையைப் பிடித்து, "இது எந்த ஊரு நெத்திலி?" என்று கேட்டார். அவர்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். பசியில் பார்த்தாயிற்று, நல்ல மாப்பிள்ளைதான் என்று அம்மா பிறகு சொன்னாள். இந்த மூலைக்குக் குற்றாலம் என்று பெயர் என்பதையும் நான் சொல்லிவிட்டேன். அந்தப் பெயரும் வீட்டோடு சேர்த்தி.

இப்போது வாளி சமையலறையில் அவர்களுக்காக நிற்கிறது. துணியைத் துவைத்து, காயவைத்து, உள்ளே மடித்துப் போட்டிருக்கிறேன். உங்கள் கைலியில் இன்னொரு பாதி என்னிடம் இருக்கிறது. புது வீடு தரைத்தளம், மேலே மூன்று மாடி. நம் வீட்டில் சொட்டாது. இருந்தாலும் மூட்டையில் வைத்திருக்கிறேன்.

கீழே டெம்போ ஹார்ன் கேட்கிறது. உங்கள் கூட்டாளியின் வண்டிதான்.

டெம்போவில் வீட்டுச் சாமான் ஏற்றிவிட்டு வரும்போதெல்லாம் நீங்கள் ஒரு விஷயம் சொல்வீர்கள். வீடு காலி செய்கிறவர்கள் எல்லோரும் ஒரு லைட்டை எரியவிட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள், அதை அணைக்க நான்தான் மறுபடி மாடி ஏற வேண்டியிருக்கிறது என்று. மறந்து விட்டுவிடுகிறார்களா, வேண்டுமென்றே விடுகிறார்களா என்று இத்தனை வருடத்தில் உங்களுக்குத் தெரியவில்லை என்றும் சொல்வீர்கள். இன்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் வண்டி ஓட்டிவிட்டு நேரம் கழித்து வருவீர்கள் என்று அம்மா வாசல் லைட்டை எரியவிடுவாளே, அதை இந்த ஒரு வருடமும் ஒரு நாள்கூட அவள் அணைக்கவில்லை. இப்போதும் எரிந்துகொண்டிருக்கிறது. அதைத் தொட எனக்கும் கை வரவில்லை.

அம்மா மாவ்ஷியிடம் சொல்லிக்கொண்டு, அங்கிருந்து ஒரு மாடி இறங்கிவிட்டாள். கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக. அவள் இந்தப் படியில் இறங்குவது இதுதான் கடைசி. இனி ஏற வேண்டியதில்லை. அங்கிருந்தே கூப்பிடுகிறாள்.

"ஏட்டி, எல்லாத்தையும் அணைச்சிட்டியா?"

"வாசல் லைட்டு மட்டும் எரியுதும்மா."

இரண்டு படி இறங்கும் சத்தம் கேட்கிறது. பிறகு சொல்கிறாள்: "அதையும் அணைச்சிட்டு வா. அங்கேயும் வாசல்ல ஒரு பல்பு இருக்கு. போனதும் போட்டுக்கிடலாம்."

ஆண்டாப் ஹில், அப்பா. பஸ் ஸ்டாப்பிலிருந்து உள்ளே வரும் சந்து, இரண்டாவது கதவு. படி கிடையாது.

சன்னல் வெளிச்சத்தில் நோட்டைச் சுவரில் வைத்து, நின்றுகொண்டே இந்தக் கடைசி வரியை எழுதுகிறேன். கூடத்து லைட், சமையலறை லைட், வாசல் லைட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன்.