புங்கன் மட்டும் நிற்கும் காடு

நாள் 3, காலை 7.10

கிழக்கு வனக்கூடம், செவ்வாய்க் கிரகக் குடியிருப்பு. எழுதுவது தமயந்தி, ஒன்பதாம் வகுப்பு. எங்கள் வகுப்பில் ஒவ்வொருவரும் நாற்பது நாள் வனக்கூடத்தில் தனியாகத் தங்கி மரங்களை எண்ண வேண்டும். இது என் முறை. மேற்குக் கூடத்தில் என் வகுப்புத் தோழி ரெஜினா இருக்கிறாள். பேச்சு வானொலியில் மட்டும். குடியிருப்பு மொத்தத்துக்கும் மூச்சுக்காற்று இந்த இரண்டு கூடங்களின் மரங்களிலிருந்துதான்.

வெப்பம் 27. ஆக்சிஜன் 20.6. மரங்கள் 640, அவற்றில் புங்கன் 588. முதல் ஆண்டுப் பட்டியலில் நாற்பத்து மூன்று இனங்கள் இருந்தன. எனக்கு ஒன்பதுதான் கிடைத்தன. இரண்டு முறை எண்ணிவிட்டேன்.

நாள் 5, காலை 7.15

ஆக்சிஜன் 20.6. வெள்ளிக்கிழமை, ஆகவே மண்ணுக்குப் பூஞ்சை மருந்து தெளித்தேன். பதினோரு ஆண்டுகளாக ஒரு வாரம்கூட இது தவறவில்லை. உள்ளே வருபவர் கால்களையும் மருந்துத் தொட்டியில் நனைத்துவிட்டே வர வேண்டும். இங்கே நோயே கிடையாது.

ஆனாலும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போன புழுதிப் பருவத்தில் புங்கன்கள் அத்தனையும் ஒரே வாரத்தில் இலை உதிர்த்தன. காற்று மெலிந்தது. பள்ளியை மூடி, குடியிருப்பின் 212 பேரையும் அசையாமல் படுக்கச் சொன்னார்கள். என் தங்கை பொன்னிக்கு நுரையீரல் பலவீனம். மூன்று நாள் கண் திறக்கவில்லை. அடுத்த பருவத்துக்கு நான்கு மாதம்தான் இருக்கிறது.

நாள் 8, மாலை 4.30

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு தெளிப்பான் அடைத்திருக்கிறது. மருந்து படாத அந்த ஒரு மூலையில் புங்கனின் நாற்றுகள் எல்லாம் தண்டு கறுத்துச் சாய்ந்து கிடக்கின்றன. அவை விட்ட இடத்தில் மூன்று நாவல், ஓர் இலுப்பை, இரண்டு மகிழம் முளைத்திருக்கின்றன!

ஒரு மரத்தின் நோய் அதன் காலடி மண்ணிலேயே குடியிருக்கிறது. அதன் பிள்ளைகளைக் கொல்கிறது. அடுத்த வீட்டுப் பிள்ளைகளைத் தொடுவதில்லை. அப்படியானால் காட்டில் எல்லோருக்கும் இடம் ஒதுக்கிக் கொடுத்தது நோய்தான். அதை நாம் வாரந்தோறும் கொன்றுகொண்டிருக்கிறோம், அதனால்தான் புங்கன் மட்டும் பெருகியிருக்கிறது.

நாள் 9, காலை 9.00

வன அதிகாரி தணிகைவேல் சாரிடம் சொன்னேன். பதில்: "அது நோய்ம்மா. அழகா விளக்கிட்டா மருந்தாயிடுமா? அடைப்பை எடுத்துட்டுத் தெளி. கணக்குப் பாடம் முடிச்சியா?"

ரெஜினாவிடம் என் குறிப்புகள் முழுவதையும் படித்துக் காட்டினேன். "நீ சொல்றது சரின்னா, சாரோட பதினோரு வருஷப் பெருமை என்னடி ஆகும்?" என்று சிரித்தாள். பிறகு மறுபடியும் படிக்கச் சொன்னாள்.

நாள் 12, காலை 6.40

அடைப்பை எடுக்கவில்லை. தெளிப்புக் குழாயை மூடினேன். தொட்டி மூலை மண்ணைச் சோற்றுப் பாத்திரத்தில் அள்ளி, முப்பது புங்கன்களின் காலடியில் இட்டேன். யாருக்கும் தெரியாது.

நாள் 20, காலை 7.00

முப்பது இடங்களிலும் புங்கன் நாற்றுகள் சாய்ந்துவிட்டன. நான் நினைத்தது சரி. நடுவதற்கு நாவல் விதை பொறுக்கினேன். மகிழ்ச்சியில் சாப்பிட மறந்தேன்.

நாள் 25, மாலை 5.20

பெரிய மரங்களில் இலை ஓரம் மஞ்சளாகிறது. முப்பதில் அல்ல. எழுபதில்.

வேரைத் தோண்டிப் பார்த்தேன். பக்கத்துப் புங்கனின் வேரோடு ஒட்டி ஒன்றாகியிருக்கிறது. அதற்கடுத்ததும் அப்படியே. பல இனக் காட்டில் அடுத்த புங்கன் தொலைவில் நிற்கும், நோய் அங்கே போய்ச் சேராது. இங்கே பக்கத்தில் நிற்பதெல்லாம் புங்கன். இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

நாள் 26, காலை 8.05

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். "எத்தனை மரம்?" என்று மட்டும் கேட்டார். நேற்று எழுபது, இன்று இருநூறு என்றேன்.

"கதவைத் திறக்காதே. மேற்குக் கூடமாவது மிஞ்சணும். மருந்து அடி வேர் வரைக்கும் போகாதும்மா." பிறகு, "இனம் ஒண்ணொண்ணா போனப்போ நாங்க யாரும் எண்ணிப் பாக்கல" என்றார்.

வெளியிலிருந்து பூட்டிவிட்டார்கள்.

நாள் 31, காலை 7.00

ஆக்சிஜன் 19.1. மஞ்சள் 460. நடக்கும்போது இலை முழங்கால்வரை வருகிறது. மேற்குக் கூடம் தாங்கும் என்கிறார்கள். பாதிப் பேருக்கு.

நாள் 33, மதியம் 12.15

ரெஜினா அழுதுகொண்டே பேசினாள். "உன்னை நம்பித்தான் செஞ்சேன்டி. இங்கயும் மருந்து படாத மூலை ஒண்ணு இருந்துச்சு. அந்த மண்ணை நாப்பது மரத்துக்குப் போட்டேன். இப்ப எல்லாம் மஞ்சளா இருக்கு."

மேற்கிலும்...

இதைக் கண்டெடுப்பவர்களுக்கு: முதல் நாளிலிருந்தே மண்ணை அதன் நோயோடு விடுங்கள். மரங்களைக் கலந்து நடுங்கள். பிறகு திருத்த முடி...

நாள் 34, காலை 10.40

ஆக்சிஜன் 17.8.

வானொலியில் பொன்னி. அம்மாவுக்குத் தெரியாமல் வந்திருக்கிறாள். வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி மூச்சு வாங்குகிறாள். "அக்கா, ஸ்கூல் லீவு விட்டுட்டாங்க. எல்லாரும் படுத்தே இருக்கணுமாம். எத்தனை நாளுக்குக்கா?"

இருக்கும் காற்றை 212 ஆல் வகுத்தேன். நாள்கணக்கில் விடை வந்தது. இன்னொரு முறை வகுத்தேன்.

அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பேசும் பொத்தானை நான் அழுத்தவில்லை.