கண்டியில் இன்னும் சில நாள்

மயிலாப்பூர்,
யுவ வருஷம் மாசி 14

தங்கள் திருவடிகளுக்கு தேவானை வணங்கி எழுதிக்கொண்டது. இங்கு நானும் பிள்ளை சங்கரனும் சுகம். தாங்களும் தங்கள் சிநேகிதர் பொன்னுரங்க முதலியாரும் சௌக்கியமாய்க் கொழும்பு சேர்ந்ததாக வந்த இங்கிலீஷ் தந்தியைச் சங்கரன் படித்துச் சொன்னான். தனுஷ்கோடியில் கப்பல் ஏறியதும் தங்களுக்குத் தலை சுற்றியிருக்குமே என்று அன்றெல்லாம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கொழும்பில் தேங்காய் எண்ணெயில்தான் சமைப்பார்களாம். வயிற்றைப் பார்த்துக்கொள்ளவும்.

சங்கரன் வேளைக்கு ஆபீஸ் போய் வருகிறான். கிணற்று ராட்டினம் இன்னும் கத்திக்கொண்டுதான் இருக்கிறது. ஆசாரி நாளை வருகிறேன் என்று தினமும் சொல்கிறான்.

எழும்பூர் ஸ்டேஷனிலேயே ஒன்று சொல்ல நினைத்தேன். பொன்னுரங்க முதலியார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்ததால் வாய் வரவில்லை. அவர் போட்ட திட்டத்தில் கொழும்புக்கு ஒரு வாரத்துக்கு மேல் இருக்கிறது. நுவரெலியாக் குளிருக்கு நாலு நாள். அனுராதபுரத்து இடிந்த கோபுரங்களுக்கு இரண்டு நாள். நம் ரத்னா வாழ்கிற கண்டிக்கு மட்டும் ஒரே ராத்திரி. பெண் கொடுத்த வீட்டில் தகப்பன் அதற்கு மேல் தங்குவது அழகல்ல என்று தாங்களும் தலையாட்டிவிட்டீர்கள். எனக்கு அது மனசுக்குச் சரியாகப் படவில்லை.

காரணம் இல்லாமல் சொல்லவில்லை. அடையாற்றிலிருந்து வசந்தி வந்திருந்தாள். ரத்னாவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். தை மாதம் அவளும் அவள் புருஷனும் இலங்கையைச் சுற்றிப் பார்க்கப் போனபோது கண்டியில் நம் பெண் வீட்டுக்கும் போனார்களாம். சம்பந்தி அம்மாள் வாசலுக்கே வந்து உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, ரத்னா குளிக்கிறாள், இதோ வந்துவிடுவாள் என்றார்களாம். காப்பி ஆறி, பேச்சும் தீர்ந்து, வெளியே மோட்டார்க்காரன் ஹாரன் அடிக்க ஆரம்பித்தும் ரத்னா குளித்து முடிக்கவில்லையாம். பேராதனைத் தோட்டம் பார்க்க வேண்டுமே என்று இவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். “இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கலாம் மாமி, எனக்குத்தான் புத்தியில்லை” என்று வசந்தி கண் கலங்குகிறாள். சிநேகிதி வந்திருக்கிறாள் என்றால் ஈரத் தலையோடு ஓடி வருகிற பெண் நம் ரத்னா.

தீபாவளிக்குப் பிறகு அவளிடமிருந்து வருவதெல்லாம் நாலு வரிதான். முன்பெல்லாம் அட்டை கடித்தது, அரிசி வேகாதது, அடுத்த வீட்டுச் சிங்களத்தி ஆப்பம் சுடச் சொல்லிக் கொடுத்தது என்று பக்கம் பக்கமாய் எழுதுவாள். தயவுசெய்து பொன்னுரங்க முதலியாரிடம் சொல்லிக் கொழும்பைக் குறைத்துக் கண்டியைக் கூட்டவும்.

இப்படிக்கு,
தங்கள் க்ஷேமத்தையே வேண்டும்
தேவானை

*

மயிலாப்பூர்,
மாசி 20

தங்கள் திருவடிகளுக்கு வணக்கம். கொழும்பிலிருந்து எழுதிய கடிதம் நேற்று மாலைத் தபாலில் கிடைத்தது. மிருகக்காட்சி சாலையும் கடற்கரையும் பார்த்துத் தேக சுகமாய் இருப்பது அறிந்து சந்தோஷம். எனக்காகக் கண்டிக்கு ஒரு நாள் கூட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள், அதற்குள் திரும்பினால்தான் மதிப்பு, தாயின் மனசு எதையும் பெரிதாக்கும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த மூன்று நாளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

விருந்தாளியாக இருக்கும் வரைக்கும் எந்த வீடும் நல்ல வீடுதானே? நொச்சிக்குப்பத்துப் பச்சையம்மா மீன் கொண்டுவந்தவள் என் முகத்தைப் பார்த்து, “இன்னாம்மா, பொண்ணு கடுதாசி வர்லியா?” என்று கேட்டாள். ஐயா அங்கே போயிருக்கிறார், இரண்டு நாள் இருப்பார் என்றேன். கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். “ரெண்டு நாளுல இன்னாத்தம்மா தெரியும்? மாப்ள வூட்ல மொத நாளு மீனக்கூட முள்ளு எடுத்துட்டுத்தான் வைப்பாங்கோ. நாலாம் நாளும் குந்திக்கினு இருந்தாத்தான் முள்ளு வரும்” என்றாள். அவளுக்கும் காசிமேட்டில் கட்டிக்கொடுத்த பெண் ஒருத்தி உண்டு.

இன்னொன்றும் சொல்கிறேன். இத்தனை வருஷம் சொல்லாததைக் காகிதத்தில் எழுதக் கை கூசுகிறது. கல்யாணமான மறு வருஷம், நாம் சிந்தாதிரிப்பேட்டை வீட்டில் இருந்தபோது, என் அப்பா என்னைப் பார்க்க வந்தார். தங்களுக்கு ஞாபகம் இருக்கலாம், ஒரு தார் வாழைப்பழம் சுமந்து வந்தார். நான் நல்ல புடவை கட்டிக்கொண்டு பரிமாறினேன். சிரிக்கச் சிரிக்கப் பேசினேன். என் பெண் ராணியாய் இருக்கிறாள் என்று தங்கள் தாயாரைக் கும்பிட்டுவிட்டு மறுநாள் அரக்கோணம் ரயிலுக்குப் போனார். தங்கள் தாயார் இப்போது தெய்வமாகிவிட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. அந்த வருஷம் எனக்கு எப்படிப் போயிற்று என்பது என்னோடு இருக்கட்டும். அப்பா மட்டும் இன்னும் இரண்டு நாள் தங்கியிருந்தால் நான் சொல்லியிருப்பேன். தொண்டை வரைக்கும் வந்தது. வந்த அன்றைக்கே, களைத்து வந்து உட்கார்ந்த மனிதரிடம் எந்தப் பெண் சொல்லுவாள்?

ஆகையால் தாங்கள் போனதும் ரத்னாவே பொய் சொல்வாள். நன்றாய்த்தான் சொல்வாள், என் பெண் அல்லவா. அதை நம்பி எழுந்து வந்துவிட வேண்டாம். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றோ, கால் சுளுக்கியது என்றோ ஏதாவது சொல்லி, பொன்னுரங்க முதலியாரை நுவரெலியாவுக்குத் தனியே அனுப்பிவிடுங்கள். மானம் போகும் என்று தாங்கள் தயங்குவது தெரிகிறது. போனால் போகட்டும்.

கண்டிக்கு எழுதினால் யார் கையில் கிடைக்குமோ என்று இதைக் கொழும்புக்கே அனுப்புகிறேன். தாங்கள் புறப்படுமுன் சேர வேண்டுமே என்று சங்கரனை இன்றே ஸ்டேஷனுக்குப் போய் மெயிலில் போடச் சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் மாசி மகம். சுவாமி கடலாடப் போகிற கூட்டத்துக்கு நான் போகவில்லை. வீட்டில் இருந்தால்தான் தந்திக்காரன் வந்தால் தெரியும்.

தங்கள் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்
தேவானை

*

மயிலாப்பூர்,
பங்குனி 2

தங்கள் திருவடிகளுக்கு வணக்கம். கால் சுளுக்கு, கண்டியில் தங்கல், பொன்னுரங்கம் மட்டும் மேலே போகிறார் என்று வந்த தந்தியைப் பார்த்து, சுளுக்கு நிஜமோ என்று சங்கரன் கவலைப்பட்டான். நான் சாமி படத்துக்கு விளக்கேற்றினேன். தாலி கட்டிய புருஷனுக்குக் கால் சுளுக்கியதற்குச் சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பிறகு ஒரு வாரம் தகவலே இல்லை. நான் பட்டது எனக்குத்தான் தெரியும். வீணாக ஒரு குடும்பத்தில் கலகம் மூட்டிவிட்டேனோ என்றும் பயந்தேன், பயந்தது உண்மையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்றும் பயந்தேன். இன்று காலை தங்கள் கடிதம் வந்தது. சங்கரனிடம் காட்டவில்லை, கதவைச் சாத்திக்கொண்டு தனியே படித்தேன்.

முதல் இரண்டு நாளும் ரத்னா பட்டுப் புடவையும் பாயசமுமாய் இருந்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கப்புறம் பட்டு பெட்டிக்குள் போய்விட்டது. முன்னறையில் தாங்கள் கால் நீட்டிப் படுத்திருப்பதையும் மறந்து சம்பந்தி அம்மாள் அடுக்களையில் போட்ட சத்தத்தை, எழுத வேண்டாத வார்த்தைகளை விட்டுவிட்டு எழுதியிருக்கிறீர்கள். விட்ட இடங்களும் எனக்குத் தெரியும்.

காலுக்கு எண்ணெய் தேய்க்க வந்தவளின் கை நெருப்பாய்ச் சுட்டதாம். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தால் எலும்பும் வளையலும்தானாம். அப்போது அவள், “அப்பா, நாளைக்கே போயிடுவீங்களா?” என்று கேட்டாளாம். “நீ சொல்ற வரைக்கும் போகமாட்டேம்மா” என்றீர்களாம். அதற்கு மேல் அந்தப் பக்கம் எனக்குக் கண்ணில் தெரியவில்லை. முகம் கழுவிக்கொண்டு வந்து மீதியைப் படித்தேன்.

ஐப்பசியில் கரு கலைந்ததை நம்மிடம் சொல்லவே இல்லையே. அதிலிருந்து விட்டு விட்டுக் காய்ச்சல், ஒரு வைத்தியரையும் அழைக்கவில்லை. பிள்ளையை விழுங்கினவள் என்று பேர். விஷயம் நம் காதுக்கு எட்டிவிடும் என்றுதான் வசந்தி வந்த அன்று கொல்லை அறையில் இருத்தியிருக்கிறார்கள். என் குழந்தை கதவுக்கு அந்தப் பக்கம் நின்று சிநேகிதியின் குரலைக் கேட்டுக்கொண்டே நின்றாளாம்.

மாப்பிள்ளை நல்லவர், தாயாருக்கு எதிரே வாய் திறக்க மாட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்கு அடுத்தாற்போல் பேனாவை எடுக்காமல் வைத்திருந்தீர்கள் போலிருக்கிறது, மை ஊறிப் பரவியிருக்கிறது. பிறகு என்னைப் பற்றி ஒரு வரி. படித்தேன். அதற்கு நான் பதில் எழுதப்போவதில்லை, நேரில் வந்தும் தாங்கள் கேட்க வேண்டாம். இப்போது அங்கே தங்கினீர்களே, அது போதும்.

அதே மாப்பிள்ளைதான் தாங்கள் கேட்டதும் தாயார் பார்க்கவே டாக்டரை அழைத்து வந்தார், ரத்னாவைத் தங்களோடு அனுப்பி வைக்கிறேன் என்றும் சொன்னார் என்பது என் மனசுக்கு ஆறுதல். அவரிடம் கடுமையாக ஒன்றும் பேச வேண்டாம். குறையெல்லாம் என் மேல் போடுங்கள். தேவானைக்கு உடம்பு சரியில்லை, பெண்ணைக் கண்ணில் காண வேண்டும் என்று அழுகிறாள் என்று சொல்லுங்கள். அதில் பொய்யும் அதிகமில்லை.

அனுராதபுரத்துக்கு வந்து சேரச் சொல்லி பொன்னுரங்க முதலியார் தொந்தரவு செய்கிறார், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கோபுரங்கள் ஆயிரம் வருஷமாக நிற்கின்றன, இன்னும் நிற்கும். அவரையே பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். காய்ச்சல் இறங்கி டாக்டர் சரி என்று சொல்லும் வரை ரத்னாவை ரயிலில் ஏற்ற வேண்டாம், அதுவரை தாங்களும் அந்த வீட்டை விட்டு அசைய வேண்டாம். புறப்பட்டால் கப்பலில் காற்று படாத இடமாய்ப் பார்த்து உட்காரவைக்கவும். ஒரே மூச்சாய்ப் பட்டணம் வர வேண்டாம், உடம்பு தாங்காது. மதுரையில் என் தங்கை வீட்டில் இறங்குங்கள். வெந்நீரும் ரசமும் தயாராக இருக்கும், எழுதிவிட்டேன். அங்கே எத்தனை நாள் என்று நான் சொல்லமாட்டேன். அவள் முகத்தைப் பார்த்துத் தாங்களே முடிவு செய்யுங்கள்.

தாங்கள் எழுதியபடி இதைக் கண்டித் தபாலாபீசிலேயே வாங்கிக்கொள்ளும்படி விலாசம் போட்டிருக்கிறது. கீழே உள்ளதை மட்டும் ரத்னாவிடம் படித்துக் காட்டவும்.

ரத்னா கண்ணே, அம்மாவுக்கு ஒன்றும் எழுத வேண்டாம், ஒரு விளக்கமும் வேண்டாம். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வா. தெற்கு அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. புறப்படுகிறபோது மாமியாரை விழுந்து கும்பிட்டுவிட்டு வா. எத்தனை நாளைக்குப் போகிறாய் என்று அவர்கள் கேட்பார்கள். நீ பதில் சொல்லாதே. அதை அம்மா பார்த்துக்கொள்வாள். கற்பகாம்பாள் உன் கூடவே வருவாள்.

இப்படிக்கு,
உங்கள் இருவருக்காகவும் வாசலில் காத்திருக்கும்
தேவானை