இங்கருக்காக டேனிஷ்

ஜூன் 9, திங்கள்

இட்லிக்கு ஊறவைத்துவிட்டு டேனிஷ் முதல் பாடத்தைத் திறந்தேன்.

டென்மார்க்கில் இருக்கும் மகள் கார்த்திகாவின் மாமியார் இங்கருக்குப் பக்கவாதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஞாயிறுதோறும் வீடியோவில் ஆங்கிலத்தில் அரட்டை அடிப்போம். அவளுடைய ரோஜா, என் மொட்டைமாடி அவரைக்கொடி, இருவரின் முழங்கால் வலி. இப்போது ஆங்கிலம் மொத்தமும் போய்விட்டது. தாய்மொழி மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. நேற்று என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். புரியாமல் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

இப்படியே விட்டால் இந்தச் சிநேகம் தேய்ந்துவிடும். விடக் கூடாது.

ஜூன் 14

எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று. மாப்பிள்ளையை இத்தனை வருடமாக ‘மட்ஸ்’ என்று கூப்பிட்டு வந்திருக்கிறேன். நடுவில் உள்ள ‘d’ ஊமையாம், ‘மஸ்’தானாம். ஒருநாளும் என்னைத் திருத்தவில்லை. நல்ல பிள்ளை.

சில இடங்களில் அதே எழுத்து மெலிகிறது. நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் படுக்கவைத்து, ‘ல’ சொல்ல வந்து பாதியில் விட்டுவிட வேண்டும். சாப்பாட்டுக்கான டேனிஷ் சொல்லில் அது இருக்கிறது. எனக்குச் சாப்பாடே வரவில்லை.

ஜூன் 20

‘ஹுன்’ என்றால் அவள். அதையே தொண்டையில் சட்டென்று ஒரு பிடி பிடித்துச் சொன்னால் நாய். சூடான ரசம் உள்ளே போய் ஒரு நொடி நிற்குமே, அந்தப் பிடி. வாசலில் நின்று பழகிக்கொண்டிருந்தேன். கீரைக்கார முத்தம்மாள் கூடையை இறக்கிவிட்டாள்.

“இன்னா டீச்சர், மீன் முள்ளு மாட்டிக்கிச்சா? வெறுஞ்சோத்த உருட்டி முழுங்கு!”

“முள்ளு இல்லம்மா, பாஷை.”

“பாஷையா? வாந்தி எடுக்குற மாரி கீது.”

ஜூலை 2

இலக்கணம் மனதுக்கு இதமாக இருக்கிறது. ‘கட்’ என்றால் பூனை. குறிப்பிட்ட அந்தப் பூனை என்றால் ‘கட்டன்’. ‘அந்த’ என்பது வாலில் ஒட்டிக்கொள்கிறது, நம் வேற்றுமை உருபு மாதிரி. வினைச்சொல் யாருக்காகவும் மாறுவதில்லை. யை கோர், டூ கோர், ஹுன் கோர் — நான், நீ, அவள், யார் போனாலும் ‘கோர்’தான். வாக்கியத்தில் அதற்கு எப்போதும் இரண்டாவது இடம். ‘இன்று’ முன்னால் வந்து உட்கார்ந்தால் ‘நான்’ எழுந்து பின்னால் போகிறதே தவிர வினை நகர்வதில்லை. ஆவடி லோக்கலில் கர்சீப் போட்டுப் பிடித்த இடம்!

ஜூலை 13, ஞாயிறு

பேசினோம்! மழை பெய்கிறது என்றேன். அவரைக்காய் காட்டினேன். இங்கர் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துக் கொடுத்தாள். முடிக்கும்போது பாடத்தில் உள்ள விடைபெறும் சொல் நாக்கில் வந்தது. ஆனால் ‘போகிறேன்’ என்று, அதுவும் உடம்பு முடியாதவளிடம், எப்படிச் சொல்வது? நானே ஒன்று கட்டினேன்: “யை கோர் ஓ கொம்மர்.” போய் வருகிறேன். தலையாட்டினாள்.

ஜூலை 14

கார்த்திகாவின் போன். “அத்தை நேத்து டேப்லெட் முன்னாடியே உக்காந்துட்டாங்கம்மா. சாப்பிடக் கூப்பிட்டா ‘ஹுன் கொம்மர்’ங்கறாங்க. மஸ் எவ்வளவு சொல்லியும் எழுந்திருக்கல.”

‘அவள் வருவாள்’ என்று எனக்காகக் காத்திருந்திருக்கிறாள். என் வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லையே — அதனால்தான் நம்பிவிட்டாள். இன்னா பண்ணி வெச்சிருக்கேன் நான்?

கொஞ்ச நாள் பேச வேண்டாம் என்று இங்கருக்குப் பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா சொல்லிவிட்டாராம். என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்தார். “டீச்சருக்கே பனிஷ்மென்ட்டா?” என்றார். நான் சிரிக்காததைப் பார்த்து, எழுந்துபோய் காபி போட்டுக்கொண்டு வந்தார். சர்க்கரை போடவில்லை. குடித்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

அவரை காய்த்துத் தள்ளுகிறது. யாரிடம் காட்ட?

ஜூலை 29

“நம்ம ஊர்ல அப்படித்தான் விடைபெறுவாங்க, போறேன்னு சொல்ல மாட்டாங்கன்னு அத்தைகிட்ட சொன்னேம்மா. ரெண்டு மூணு தடவ கேட்டுக்கிட்டாங்க. புரிஞ்சுதான்னு தெரியல” என்கிறாள் கார்த்திகா.

பாடத்தை மூடவில்லை. ‘வீ சேஸ்’ — சந்திப்போம். அவர்களே சொல்வது. இதையே முதலில் படித்திருக்கலாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இங்கர்தான் கூப்பிடச் சொன்னாளாம். முடி வெட்டியிருக்கிறாள், இளைத்திருக்கிறாள். அவரைக்காயைக் கேமரா அருகே கொண்டுபோனேன். பெயர் கேட்டாள். சொன்னேன். நடுவில் எங்கள் வீட்டுப் பக்கம் ரயில் போனது. இருவரும் அது போகும்வரை காத்திருந்தோம்.

முடிக்கும்போது ஜாக்கிரதையாக, “வீ சேஸ்” என்றேன்.

தலையை ஆட்டி மறுத்தாள். கார்த்திகாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு நல்ல கையை உயர்த்தி, மெதுவாக, “போயி…த்து… வரேன்” என்றாள்.

நம்முடைய ‘ட்டு’ அவள் வாயில் மெலிந்து, நாக்கு கீழ்ப்பல்லுக்குப் பின்னால் படுத்து, இரண்டு மாதமாக எனக்கு வராத அந்த ஒலியாக வந்தது.

நான் திருத்தவில்லை. “போயிட்டு வாங்க” என்றேன். பின்னால் இருந்து இவரும் சொன்னார்.

சிவப்பு பட்டனை அவளே அமுக்கினாள். சிறிது நேரத்தில் கார்த்திகா படம் அனுப்பினாள். அத்தை சாப்பாட்டு மேசையில், கையில் முள்கரண்டி.